ஒரு நாற்காலிக்குப் போன எர்வின் சாபோ

ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால் டொலீடோ நகரத்தில் ஆற்றின் கிழக்குக் கரையில் யாருக்கும் உடம்புக்கு வராது. வந்தாலும் ஜூலை பத்து வரை தள்ளிப்போட்டுவிடுவார்கள். கூடைப்பந்து அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் காலம் அது. பந்து தரையில் படாத இந்த மூன்று வாரத்துக்காகத்தான் மற்ற மாதங்களில் ஆட்டமே நடத்துகிறார்கள் என்று வில்மா உணவகத்தில் சத்தியம் செய்து சொல்வார்கள்.

வில்மா போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெயர்ப்பலகையை மாற்றக் கூட்டிவந்த ஆட்கள் மூன்று பேரும், யாரை விற்கலாம் யாரை வாங்கலாம் என்ற வாக்குவாதத்தில் உட்கார்ந்து ஏணியை மறந்துவிட்டுப் போனார்கள். பலகை அப்படியே இருக்கிறது. ஏணிகள் மூன்றும் கூட இருக்கின்றன. கடையை இப்போது நடத்துகிறவள் பெர்னடெட். அவள் போடும் காபியில் கரண்டியை நட்டுவைத்தால் மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடையில் இரண்டு மேசைகளுக்குத்தான் மரியாதை. ஒன்று ஜன்னல் மேசை, இன்னொன்று அடுப்பு மேசை. நடுவில் நான்கு அடி இடைவெளி. அந்த நான்கு அடியைப் போல ஆழமான பள்ளம் அமெரிக்காவில் வேறெங்கும் கிடையாது. இரண்டு மேசைக்காரர்களும் ஒரே அணிக்குத்தான், நாரைகள் அணிக்குத்தான், உயிரை விடுவார்கள். எப்படி விடுவது என்பதில்தான் தகராறு.

ஜன்னல் மேசையின் பீரங்கி எர்வின் சாபோ. எழுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருஷம் ஐந்தாம் நம்பர் நகரப் பேருந்தை ஓட்டியவர். ஒலிபெருக்கி கெட்டுப்போன பேருந்தில் நிறுத்தங்களைக் கத்திக் கத்திச் சொல்லி வளர்த்த குரல் அது. அவர் இங்கே தும்மினால் மிச்சிகன் எல்லையில் இருக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஜூன் முப்பதாம் தேதி காலை அந்தக் குரல் முழு வேகத்தில் இருந்தது.

"அந்த ஹால்ஸ்டெட்டை இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தள்ளிவிட்டுடணும். முப்பத்தஞ்சு வயசு. அவன் எம்பிக் குதிச்சா கீழ ஒரு பேப்பரைச் சொருகலாம். ரெண்டாவது பேப்பர் போகாது."

அடுப்பு மேசையிலிருந்து நஜ்லா ஹத்தாத் திரும்பினாள். நாற்பது வருஷம் ரொட்டிக் கடை நடத்திவிட்டு மகளிடம் ஒப்படைத்தவள். பேச்சு மெதுவாக இருக்கும். சூடு மட்டும் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

"அந்தப் பேப்பர் உயரத்துல இருந்துதான் போன வருஷம் நம்ம அணியிலேயே அதிகமாப் பந்தைப் பிடிச்சுக் கொடுத்தார். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பாதி ஆட்டத்துக்கு நீங்க வரலையே."

எர்வின் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்காத மாதிரி ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"அவன் எங்க பிடிச்சான்? அவனால நகர முடியலேன்னு இரக்கப்பட்டுப் பந்தே அவன் கைக்கு வருது. நாட்டோட மேற்குக் கரை அணிக்காரங்க இருபது வயசுப் பையன் ஒருத்தனையும், வருங்காலத்துல புதுப் பசங்களை எடுக்கிற உரிமை ரெண்டும் தரேங்கறாங்க. வாங்கிப் போட்டுக்கணும். சரக்கு ஒரு வருஷம் முந்திப் போனாப் பரவாயில்லை, ஒரு நாள் பிந்திப் போகக் கூடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் குறைந்தது நாற்பதாயிரம் தடவை சொல்லியிருப்பார். பெர்னடெட் கையிலிருந்த கூஜாகூட அதை மனப்பாடமாகச் சொல்லும்.

நஜ்லாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஹார்லன் டிப்ஸ் தொண்டையைச் செருமினார். சவ அடக்க நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவர். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். பழக்கதோஷம்.

"ஒருத்தர் மூச்சு நின்னுடுச்சான்னு உறுதிபண்ணாம நாள் குறிக்கிறது எங்க தொழில்ல வழக்கமில்லீங்க, எர்வின்."

"உங்க தொழில்ல வாடிக்கையாளர் எதிர்த்துப் பேசவும் மாட்டாரு, ஹார்லன். அதனால உங்களுக்கு வாதம் பண்ணத் தெரியல."

ஜன்னல் மேசை சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. எர்வினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய குழாய் மேஸ்திரி காஸ் ஜெலின்ஸ்கி தன் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே டெல்ஃபின் பெட்டவே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை பார்த்தவள் அவள். கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

எர்வின் அதைக் கவனிக்கவில்லை. "பாதி ஆட்டத்துக்கு வரலை" என்ற வார்த்தையை ரொட்டித் துண்டோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எர்வினுக்கு இருட்டினால் கண் தெரிவதில்லை. பகலில் கழுகு. சூரியன் போய்விட்டால், எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, அதற்குப் பின்னால் சாலை என்ற ஒன்றே இருக்காது. நாரைகளின் ஆட்டம் எல்லாம் மாலை ஏழு மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகர மையத்தில். போன குளிர்காலத்தில் பதினோரு ஆட்டங்களுக்கு அவர் போகவில்லை. முட்டி வலி என்றார், குழாய் வெடித்தது என்றார், இல்லாத அத்தைக்கு இரண்டு முறை அடக்கம் செய்தார்.

ஆட்டத்துக்குப் போகாததோடு முடிந்தால் பரவாயில்லை. வில்மா கடையில் ஒரு சட்டம் உண்டு: அரங்கத்துக்குப் போய்ப் பார்த்தவன்தான் மறுநாள் காலை பேசலாம். தொலைக்காட்சியில் பார்த்தவன் காபியைக் குடித்துக்கொண்டு கேட்க மட்டும் வேண்டும். பதினோரு காலைகள் எர்வின் சாபோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போய் ஆறு வருஷமாக வீட்டில் பேச ஆளில்லாதவர் அவர். வரப்போகிற சீசனில் உள்ளூர் ஆட்டம் நாற்பத்தொன்றுக்கும் அப்படி நாற்பத்தோரு காலைகள் உட்கார வேண்டியிருக்குமோ என்று இப்போதே நாட்காட்டியில் எண்ண ஆரம்பித்திருந்தார்.

கண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. முப்பத்தோரு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவன், "என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா" என்று எப்படிக் கேட்பது? காஸ் ஒருமுறை தானாகவே கேட்டதற்கு, "ஓட்டுநர் சீட்டைத் தவிர வேற சீட்டுல எனக்கு உட்கார வராது" என்று துரத்திவிட்டார். காஸின் வீடும் ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த ஹார்லன் கேட்டதற்கு, "உங்க வண்டியில ஏறினவன் எவனாவது திரும்பி வந்திருக்கானா?" என்றார். அதோடு, எதிர் மேசைக்காரரின் காரில் ஏறுவது துரோகம் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. அதைப் போட்டவரும் எர்வின்தான்.

டெல்ஃபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பெர்னடெட், இங்க வாம்மா. ஒரு மாற்றம் பதிவு பண்ணணும்."

வருஷத்துக்கு ஒரு முறை, உண்மையான அணிகள் ஆள் மாற்றக் கதவைத் திறக்கும் நாளில், இரண்டு மேசைகளும் தங்களுக்குள் ஒரு பண்டமாற்று செய்துகொள்ளலாம். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தின் பின்பக்கம் எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பெர்னடெட்தான் லீக் தலைவர். பத்து காபி குடித்தால் ஒரு காபி இலவசம் என்ற அட்டையில் குத்தும் கோப்பை முத்திரையை அவள் குத்திவிட்டால் அப்புறம் கடவுளாலும் மாற்ற முடியாது. இதுவரை கைமாறியவை தக்காளி சாஸ் புட்டி, விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும் உரிமை, மின்விசிறிக்கு நேர் கீழ் இடம். ஒரே ஒரு முறைதான் மனிதரை மாற்றினார்கள். லைல் என்பவர் அடுப்பு மேசைக்குப் போனார். அணிகளின் வழக்கப்படி நடந்த மருத்துவப் பரிசோதனையில் வெங்காய நெடி அவருக்கு ஆகாது என்று தெரிந்து, மாற்றம் ரத்தாகித் திரும்பி வந்தார்.

எர்வின் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "என்ன வாங்கறோம்? மின்விசிறியா?"

டெல்ஃபின் எழுந்து நின்று படித்தாள். "ஜன்னல் மேசை, எர்வின் சாபோ என்பவரை அடுப்பு மேசைக்கு அளிக்கிறது. பதிலுக்கு அடுப்பு மேசை, ஆடாத நாற்காலி ஒன்றையும், இனி ஓய்வு பெற்று இந்தக் கடைக்கு வருகிறவர்களில் இரண்டாமவரை எடுத்துக்கொள்ளும் உரிமையையும் அளிக்கிறது."

சமையலறையில் முட்டை பொரிவது கேட்டது.

எர்வின் டெல்ஃபினைப் பார்த்தார். காஸைப் பார்த்தார். காஸ் முட்டையைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆளா?" என்றார் எர்வின். அவருடைய குரல் சாதாரண மனிதனின் குரல் அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. "முதல் ஆள்கூட இல்லியா? எனக்கு ரெண்டாவது ஆளா?"

"நாற்காலியும் இருக்கு," என்றார் காஸ் முட்டையிடம்.

"யோவ் காஸ், இருபத்தாறு வருஷம் உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

"அந்த நாற்காலி நல்லா இருக்கும் எர்வின். சத்தமே போடாது."

"நீ சொன்னதுதானே," என்றாள் டெல்ஃபின். "சரக்கு ஒரு வருஷம் முந்திப் போனாப் பரவாயில்லைன்னு. நாங்க அணியைப் புதுசாக் கட்டறோம்."

தன் தத்துவம் தன்னையே வந்து உதைக்கும்போது எப்படி இருக்கும் என்று எர்வின் அதுவரை யோசித்ததில்லை. நாற்பதாயிரம் தடவை சொன்னதில் ஒரு தடவைகூட, விற்கப்படுகிறவன் காலையில் எழுந்து எங்கே போய் உட்காருவான் என்று அவர் நினைக்கவில்லை. முகம் பாப்ரிகா மிளகாய்க் குழம்பு நிறத்துக்கு வந்தது.

அப்போதுதான் அவருக்கு லைல் ஞாபகம் வந்தார்.

"செல்லாது. மருத்துவப் பரிசோதனை இருக்கு. நான் தேற மாட்டேன். பெர்னடெட், ஆரம்பி."

பெர்னடெட் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரக்கரண்டி ஒன்றை எடுத்துவந்தாள். அவளுக்கு உலகத்தில் எல்லாருமே 'கண்ணு'தான்.

"என்ன கண்ணு உனக்கு?"

"இடது முட்டி."

மரக்கரண்டியால் தட்டினாள். கால் எகிறி மேசையை உதைத்தது. நான்கு கோப்பைகள் துள்ளின.

"முட்டி ஹால்ஸ்டெட்டைவிட நல்லா எம்புது. அப்புறம்?"

"முதுகு. மழை வந்தாப் பிடிச்சுக்கும்."

"சரி. அப்புறம்?"

"ரத்த அழுத்தம். இப்ப எண்ணூறு இருக்கும்."

ஹார்லன் பணிவாகக் கையை உயர்த்தினார். "தலைவர் அம்மா, இதெல்லாம் எங்களுக்கு முன்னாடியே சொல்லப்பட்டுதான் நாங்க ஒத்துக்கிட்டோம். குறை எல்லாம் எழுத்துல இருக்கு. மறைச்சு விக்கல. தெரிஞ்சேதான் வாங்கறோம்."

"என்ன எழுத்து?" என்றார் எர்வின்.

பெர்னடெட் காகிதத்தை டெல்ஃபினிடமிருந்து வாங்கி, கீழ்ப்பகுதியைப் படித்தாள். "குறைகள். இடது முட்டி. முதுகு, மழை நாட்களில். வாய், எல்லா நாட்களிலும்." ஒரு கணம் நிறுத்தினாள். அடுத்ததை மெதுவாகப் படித்தாள். "கண், இருட்டின பிறகு."

எர்வின் அசையவில்லை. இந்த மாற்றத்தை ரத்து செய்ய அவரிடம் மிச்சமிருந்த ஒரே குறை அதுதான். அதைத்தான் சாகும்வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார். அது காகிதத்தில், டெல்ஃபினின் அச்சுப் போன்ற கையெழுத்தில் இருந்தது.

"யார் சொன்னா?"

கடைசியில் காஸ் முட்டையை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நவம்பர்ல ஒரு ஆட்டம் முடிஞ்சு நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போக இந்தப் பக்கம் வந்தேன். முன்னாடி ஐஞ்சாம் நம்பர் பேருந்து. பேருந்துக்குப் பின்னாடி நீ. பேருந்து நின்னா நீயும் நிக்கறே. அது கிளம்பினா நீயும் கிளம்பறே. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நின்னே எர்வின். நான் முதல்ல, மனுஷனுக்குப் பழைய வேலை மேல அவ்வளவு ஆசைன்னு நினைச்சேன்."

எர்வினுக்கு அந்த இரவு ஞாபகம் இருந்தது. பேருந்தின் சிவப்பு விளக்கு இரண்டு மட்டும்தான் அன்றைக்கு உலகத்தில் நம்பத் தகுந்தவையாக இருந்தன. நிறுத்தங்கள் எங்கே என்று அவர் கால்களுக்கே தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தார்.

"மூணாவது நிறுத்தத்துல," என்று காஸ் தொடர்ந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது. "பேருந்தை விட்டுட்ட ஒரு அம்மா ஓடி வந்து உன் கார் கதவைத் திறந்து உட்கார்ந்துட்டாங்க."

"பை நிறையச் சாமான் வெச்சிருந்தாங்க," என்றார் எர்வின்.

"நீயும் கூட்டிட்டுப் போனே."

"ஏழாவது நிறுத்தம்னாங்க. வழிதானே."

நஜ்லாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அடுப்பு மேசை, ஜன்னல் மேசை, சமையலறை, ஏணிகள் மூன்று, எல்லாம் சிரித்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். எர்வின் சிரிக்கவில்லை. ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"நேராக் கேட்டிருக்கலாமே."

"ரெண்டு பேரும் கேட்டோம்," என்றார் காஸ். "எங்களை என்ன சொன்னே?"

எர்வினுக்குத் தான் சொன்னது ஞாபகம் இருந்தது.

"உங்க சட்டப்படி எங்க கார்ல எங்க மேசை ஆளைத்தான் ஏத்த முடியும்," என்றார் ஹார்லன். "அதுக்காகத்தான் உங்களை வாங்க வேண்டியிருந்துச்சுங்க."

"ஒரு நாற்காலிக்கு."

"அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பாருங்க," என்றாள் நஜ்லா. "டெல்ஃபினுக்கு இடம் பத்தல. பாதிதான் படிச்சாங்க."

எர்வின் பெர்னடெட் கையிலிருந்து காகிதத்தை வாங்கித் திருப்பினார். பாப்ரிகா கோழியும் முட்டைக்கோஸ் உருண்டையும் அச்சிட்டிருந்த பக்கத்தில், உருண்டைகளுக்கு நடுவில் நுணுக்கி எழுதியிருந்தது. பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

ஹார்லன் டிப்ஸ், தன் காரின் முன் சீட்டை நாற்பத்தோரு ஆட்டங்களுக்கும் எர்வின் சாபோவுக்காக ஒதுக்கிவைப்பார். நஜ்லா ஹத்தாத், அரங்கத்தில் பத்தொன்பது வருஷமாகத் தான் உட்காரும் வழியோர இருக்கையை எர்வினுக்குக் கொடுத்துவிட்டு உள்பக்கம் தள்ளி உட்காருவார். இருட்டில் அவர் யார் காலையும் மிதித்துக்கொண்டு போக வேண்டாம். காஸ் ஜெலின்ஸ்கி, இந்த ஏற்பாட்டுக்கு நன்றியாக, குளிர்காலம் முழுக்க ஹார்லன் வீட்டு வாசல் பனியை வாரிக் கொடுப்பார். டெல்ஃபின் பெட்டவே, ஆட்டத்துக்கு மறுநாள் காலை முதலில் பேசும் தன் உரிமையை இந்தச் சீசனுக்கு எர்வின் சாபோவுக்கு விட்டுக்கொடுக்கிறார். கடைசி வரி மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது: இனி எர்வின் சாபோவை அவர் சம்மதமில்லாமல் யாரும் எங்கேயும் மாற்றக்கூடாது.

எர்வின் அதை மூன்று முறை படித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வரலாற்றில் எந்த அணியும் ஒரு ஆளுக்காக இவ்வளவு கொடுத்ததில்லை. அதுவும் இரண்டு பக்கமும் கொடுத்தன. இரண்டு பக்கமும் ஏமாந்த ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

"பத்தொன்பது வருஷ சீட்டு," என்றார் நஜ்லாவிடம். "பைத்தியமா உங்களுக்கு?"

"உள்பக்கம் இருந்தா நொறுக்குத்தீனிக்காரன் தொந்தரவு இல்லை."

"டெல்ஃபின், நீ முதல் பேச்சை விட்டுக்கொடுத்தியா? நீயா?"

"ஒரு வருஷம்தான். பதினோரு நாள் நீ பேசாம உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கலை. நான் பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிர்வார்த்தை இல்லாம காபியே இறங்கல. போ, போய் அந்தப் பக்கம் உட்காரு."

எர்வின் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த நான்கு அடியைக் கடக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஐந்தாம் நம்பர் பேருந்து இரண்டு முறை போய் வந்திருக்கும். அடுப்பு மேசையில் ஹார்லன் ஏற்கெனவே ஒரு இடத்தைக் காலிசெய்து வைத்திருந்தார். எர்வின் அதில் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பெர்னடெட் அதைத் தேதியோடு குறித்துவைத்திருக்கிறாள் என்று கேள்வி.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஜன்னல் மேசையைத் திரும்பிப் பார்த்தார். காஸ் புது நாற்காலியை எர்வினின் பழைய இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"காஸ், அந்த நாற்காலி ஆடுது. இங்கிருந்தே தெரியுது. ஒரு காலுக்கு அடியில அட்டை ஒட்டியிருக்காங்க."

காஸ் குனிந்து பார்த்தார். அட்டை இருந்தது.

"அப்ப மாற்றத்தை ரத்து பண்ணிடலாமா?" என்றாள் டெல்ஃபின்.

"வேண்டாம்," என்றார் எர்வின் அவசரமாக. "முத்திரை குத்தட்டும். பெர்னடெட், குத்து."

பெர்னடெட் முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அன்று சாயங்காலமே மேற்குக் கரைக்காரர்கள் பேச்சை முறித்துக்கொண்டு வேறு யாரையோ வாங்கிக்கொண்டார்கள். ஹால்ஸ்டெட் நாரைகளிடமே நின்றுவிட்டான். மறுநாள் காலை எல்லாரும் எர்வினின் கொதிப்புக்காகக் காத்திருந்தார்கள். அவர் தக்காளி சாஸை நகர்த்திவைத்துவிட்டு வானிலை பற்றிப் பேசினார்.

அக்டோபரில் முதல் ஆட்டம். மாலை ஆறே காலுக்கு ஹார்லனின் சாம்பல் நிறக் கார் எர்வின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் முன்பக்கம் வந்து நின்ற பிறகு பின்பக்கம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவு நீளம். பின் சீட்டில் நஜ்லா மடியில் எள்ளு ரொட்டிப் பொட்டலத்தோடு இருந்தாள். எர்வின் முன் சீட்டில் ஏறி, இடது காலால் இல்லாத பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

"வேகம் போதுமாங்க?" என்றார் ஹார்லன். வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை என்றுதான் எர்வின் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஹார்லன், எறும்பு ஒண்ணு நம்மைத் தாண்டிப் போகுது."

"நாற்பது வருஷப் பழக்கம். என் பின்னாடி வந்தவங்க யாரும் அவசரப்படல."

தெருமுனையில் ஐந்தாம் நம்பர் பேருந்து அவர்கள் முன்னால் வந்து சேர்ந்தது. ஹார்லன் அதன் பின்னாலேயே போனார். இரண்டாவது நிறுத்தம் வந்தபோது எர்வினால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியெல்லாம் அதிர, பழைய குரலில், நிறுத்தத்தின் பெயரை அறிவித்தார். ஹார்லன் துள்ளிவிட்டார். அவருடைய முன் சீட்டில் இதுவரை யாரும் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னொண்ணு சொல்லுங்க," என்றார்.

மூன்றாவது நிறுத்தத்தில் அணியின் நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பேருந்து நின்றது, அவள் ஏறவில்லை. பின்னால் வந்த காரின் கதவைத் திறந்தாள்.

"ஐஞ்சாம் நம்பர்தானே?" என்றாள் டெல்ஃபின்.

"எதிர் மேசைக்காரங்களை ஏத்தறதில்லை," என்றார் எர்வின். "சட்டம்."

"ஏழாவது நிறுத்தம் வரைக்கும்தான். வழிதானே."

நஜ்லா ஏற்கெனவே தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்திருந்தாள்.

பாலத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நகரத்தின் விளக்குகள் எல்லாம் ஆற்றின் மேலே எழுந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றும் தட்டு அளவுக்கு விரிந்தது. மஞ்சள் தட்டு, வெள்ளைத் தட்டு, சிவப்புத் தட்டு, ஒன்றின் மேல் ஒன்று. போன வருஷம் இதே பாலத்தில் இதே விளக்குகளுக்கு நடுவே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, சட்டை நனைய வேர்த்திருந்தார். இப்போது கைகள் மடியில் இருந்தன. இத்தனை வருஷம் இந்தப் பாலத்தைக் கடந்தும் இவ்வளவு அழகான விருந்து இங்கே பரிமாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எட்டாவது நிறுத்தத்தைச் சொல்ல மறந்துவிட்டார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அரங்கத்தில் வழியோர இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நஜ்லா, அப்பால் ஹார்லன். இரண்டு வரிசை கீழே காஸும் டெல்ஃபினும். கடைசிப் பகுதியில் ஆறு நிமிஷம் இருக்கும்போது பயிற்சியாளர் ஹால்ஸ்டெட்டை அனுப்பினார். அவன் ஒரு முட்டியில் பட்டை கட்டி, படியேறுகிற மாதிரி ஓடிவந்தான். முதல் பந்து பலகையில் பட்டுத் தெறித்தது. மூன்று இளைஞர்கள் எம்பினார்கள். ஹால்ஸ்டெட் எம்பவில்லை. பந்து எங்கே விழும் என்று தெரிந்த மாதிரி அங்கே போய் நின்றான். பந்து அவன் கைக்கு வந்தது.

எர்வின் எதையோ முணுமுணுத்தார்.

நஜ்லா திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இந்த வருஷம் அவன் இருக்கட்டும்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு."

"ஆட்டத்தைப் பாருங்க," என்றார் எர்வின் சாபோ, நஜ்லாவின் பொட்டலத்திலிருந்து இன்னொரு எள்ளு ரொட்டியை எடுத்துக்கொண்டே. "எதுவா இருந்தாலும் காலையில நான்தான் முதல்ல பேசுவேன்."